உன் பயிற்சித் திட்டத்தைப் படித்த பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

ஓடிக்கொண்டே கைத்துப்பாக்கி சுடும் நம் பிராக்டிகல் ஷூட்டிங் போட்டிக்காக நீ எழுதி அனுப்பிய பயிற்சி அட்டவணையை நிதானமாக உட்கார்ந்து படித்தேன். இவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறாயே என்று மனசு நிறைந்தது. தினமும் இரண்டு மணி நேரம் வீட்டில், வாரக் கடைசியில் 300 தோட்டா, அதற்குள் உறையிலிருந்து துப்பாக்கி உருவுவது, தோட்டா அடைத்த மேகசின் மாற்றுவது, ஒற்றைக் கை, ஓட்டம், தூரக் குறி என்று எல்லாமே இருக்கிறது. இத்தனையையும் ஒரே வாரத்தில் அடைத்தால் எதுவும் உடம்பில் தங்காது. போனில் சொன்னால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் ரேஞ்ச் பையில் கிடக்கும், எப்போதாவது எடுத்துப் பார்ப்பாய்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ரேஞ்சுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு கேள்வியோடு போ. “இன்று 300 சுட்டேன்” என்று நோட்டில் எழுதுவதால் ஒன்றும் தெரியப்போவதில்லை. “பத்து மீட்டரில் இரண்டாவது தோட்டா ஏன் இடப்பக்கம் கீழே இறங்குகிறது?” என்று எழுதிக்கொண்டு போ. பதில் கிடைத்துவிட்டால், பெட்டியில் தோட்டா மிச்சம் இருந்தாலும் மூட்டை கட்டிவிடு.

அந்தக் கேள்வி உன் ஸ்கோர் ஷீட்டில்தான் இருக்கிறது. நம் விளையாட்டில் புள்ளியை நேரத்தால் வகுத்து வரும் ஹிட் ஃபாக்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் அமைத்த எல் பிரசிடென்ட் பயிற்சியை எடுத்துக்கொள். பத்து கஜத்தில் மூன்று குறி அட்டைகள். முதுகைக் காட்டி நிற்கிறாய். டைமரின் பீப் கேட்டதும் முழுசாகத் திரும்பி, அதற்கப்புறம் உருவி, அட்டைக்கு இரண்டு சுட்டு, மேகசின் மாற்றி, மறுபடி இரண்டு. மொத்தம் 12 தோட்டா, 60 புள்ளி. நீ ஆடும் புரொடக்‌ஷன் பிரிவில் எல்லோருக்கும் மைனர் கணக்கு, அதாவது வலு குறைந்த தோட்டாவுக்கான புள்ளிமுறை என்பதால் அட்டையின் நடுவில் இருக்கும் ஏ பகுதிக்கு 5, அதைச் சுற்றிய சி-க்கு 3, ஓரத்து டி-க்கு 1.

இப்போது கணக்குப் போடு. எல்லாம் ஏ, 8 நொடி என்றால் 7.5. அவசரப்பட்டு 7 நொடியில் முடித்து நான்கு சி விழுந்தால் 52 புள்ளி, ஹிட் ஃபாக்டர் 7.43. ஒரு முழு நொடியை மிச்சம் பிடித்தும் கீழே போய்விட்டாய். அதே 7 நொடியில் ஒரே ஒரு மிஸ், மற்றதெல்லாம் ஏ என்றால் 55-இல் மிஸ்ஸுக்கான அபராதம் 10 கழிந்து 45 புள்ளி, 6.43. அதற்காக ஒவ்வொன்றையும் பூப்போலச் சுட்டு 10 நொடியில் முடித்தால் வெறும் 6. வேகமும் வேண்டும், குறியும் வேண்டும் என்பதைப் பேச்சாகக் கேட்டால் மனசில் நிற்காது. இந்த நான்கு எண்களையும் உன் கையால் ஒரு தடவை எழுதிப் பார்.

உன் கடைசிப் போட்டித் தாளையும் பார்த்தேன். நேரங்கள் நன்றாக இருக்கின்றன. புள்ளி போனதெல்லாம் தூரத்து அட்டைகளில், அதிலும் சுடக் கூடாத நோ-ஷூட் அட்டை முன்னால் பாதி மறைத்து நிற்கும் அட்டைகளில். ஆனால் உன் அட்டவணையில் பெரும்பங்கு நேரம் உருவும் வேகத்துக்குப் போகிறதே, ஏன்? ஒரு ஸ்டேஜில், அதாவது போட்டியின் ஒரு சுற்றில், பெரும்பாலும் ஒரு தடவைதான் உருவுகிறாய். அதில் பத்தில் ஒரு நொடியைக் குறைத்தால் அந்த ஸ்டேஜில் கிடைப்பது அவ்வளவுதான். ஒரு மிஸ் என்றால் கிடைக்காத 5, அபராதம் 10, ஆக 15 புள்ளி. உன் ஹிட் ஃபாக்டர் 6 என்றால் அது இரண்டரை நொடிக்குச் சமம். எங்கே உழைக்க வேண்டும் என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுப் பயிற்சிக்கு வருகிறேன். தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பழகும் டிரை ஃபயர் செய்யும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. மேகசின்களை வெளியிலேயே காலி செய்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் பார்த்து, விரலாலும் தொட்டுவிட்டு உள்ளே போ. குறி வைக்கும் சுவருக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. முடித்ததும் “முடிந்தது” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் துப்பாக்கியைப் பூட்டி வை. பூட்டிய பிறகு ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று எடுக்காதே. வீடுகளில் தவறுதலாக வெடிப்பதற்கு அந்த ஒரே ஒரு தடவையே போதும். இந்த விஷயத்தில் மட்டும் என்னிடம் விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது.

இரண்டு மணி நேரம் வேண்டாம், இருபது நிமிடம் போதும். கவனம் கலைந்த பிறகு செய்வதெல்லாம் தப்பைப் பழகுவதுதான். முதல் ஐந்து நிமிடம் டைமரைத் தொடாதே. வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, குழல் முனையில் இருக்கும் முன் சைட் இம்மியும் அசையாமல் விசையை அழுத்திப் பார். அப்புறம் அந்த வாரத்துக்கான ஒரு வேலை. பார் டைமை, அதாவது ஒரு தடவையை முடிக்க டைமரில் வைக்கும் கெடுவை, முதலில் உனக்குச் சுகமான இடத்தில் வை. ஐந்தாறு தடவை சுத்தமாக வந்தால் 0.1 நொடி குறை; குலைந்தால் மறுபடி ஏற்று. அட்டையின் நீள அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் சின்ன அட்டையை மூன்று மீட்டரில் ஒட்டினால் கண்ணுக்கு ஒன்பது மீட்டர் மாதிரிதான் தெரியும். உன் அறைக்கு அது தாராளம்.

டைமர் வீட்டில் பொய் சொல்லும், அதையும் தெரிந்துகொள். உதை இல்லாததால் பிடி தளர்ந்திருந்தாலும் நேரம் அழகாக வரும். உன் துப்பாக்கி ஸ்ட்ரைக்கர் வகை. ஒரு அழுத்தலுக்குப் பிறகு மேல்பாகமான ஸ்லைடை இழுக்கும்வரை விசை செத்துக் கிடக்கும். அந்தச் செத்த விசையையும் உண்மையான விசைக்குக் கொடுக்கும் அதே அழுத்தத்தோடு பின்னால் கொண்டுவா. சும்மா தட்டிப் பழகினால் ரேஞ்சிலும் விரல் தட்டத்தான் செய்யும்.

ரேஞ்சில் 120 அல்லது 150 தோட்டா போதும். போனதும் கை சூடேறுவதற்கு முன்னாலேயே எல் பிரசிடென்ட் ஒன்று சுட்டு நேரத்தையும் புள்ளியையும் எழுதி வை. போட்டியில் உனக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது, அதனால் அந்த முதல் எண்தான் உன் நிஜ நிலை. அடுத்து 25 மீட்டரில் ஐந்து ஐந்தாக இரண்டு குழு, அவசரமே இல்லாமல். அதற்கப்புறம் அன்றைய கேள்வி.

இடப்பக்கம் கீழே இறங்கும் தோட்டாவுக்கு ஒரு வழி சொல்கிறேன். ரேஞ்சில் கூட இருப்பவரிடம் மேகசினைக் கொடுத்து, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே எங்காவது மருந்தில்லாத இரண்டு டம்மித் தோட்டாக்களைப் போடச் சொல். எங்கே என்று உனக்குத் தெரியக் கூடாது. சுடும்போது டம்மி வந்தால் ‘க்ளிக்’ என்று மட்டும் கேட்கும். அந்த நொடியில் முன் சைட்டைப் பார். அது தலை குனிந்தால், உதை வருவதற்கு முன்பே நீ துப்பாக்கியைக் கீழே தள்ளுகிறாய் என்று அர்த்தம். அசையாமல் நின்றால் விசையில் குறையில்லை, பிடியைத்தான் பார்க்க வேண்டும். ரேஞ்ச் ஆபீசராக நின்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தன் சைட் குனிவதைத் தானே பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதே இல்லை.

ஒற்றைக் கைப் பயிற்சி மாதத்துக்கு ஒரு வாரம் போதும்.

ஓட்டத்தை நீ கொஞ்சமும் குறைக்காதே. நீளமான ஸ்டேஜ்களில் சுடுவதைவிட ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதில்தான் நிறைய நேரம் கரைகிறது. வேகமாக ஓடுவதைவிட, போய்ச் சேரும்போதே துப்பாக்கி கண் உயரத்தில் தயாராக இருப்பதும், கடைசித் தோட்டா போனதுமே கால் கிளம்புவதும்தான் பலன் தரும். இதையெல்லாம் வீட்டிலேயே பழகலாம், தோட்டா வேண்டாம்.

ஓட்டத்தில் எனக்குப் பயம் ஒன்று உண்டு. நீ வலக்கைக்காரன். மேகசின் மாற்றும்போது குழல் முனை தானாகவே உடம்புக்கு இடப்பக்கம் சாயும். வலப்பக்கம் ஓடினால் அந்தச் சாய்வு குறிகளின் திசையில் இருக்கும், ஆபத்தில்லை. இடப்பக்கம் ஓடும்போது உடம்பு திரும்பியிருப்பதால் அதே சாய்வு பின்னால் நிற்பவர்களை நோக்கிப் போகும். முனை குறிகளின் திசையிலிருந்து 90 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்குப் போட்டி முடிந்தது, பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அதனால் வீட்டில் மேகசின் மாற்றும் பயிற்சியில் பாதியை இடப்பக்கம் நடந்துகொண்டே செய். முனை குறிகளின் பக்கம், விரல் விசைக் காப்புக்கு வெளியே. மெதுவாக ஆரம்பி, இதற்குப் பார் டைம் வைக்காதே.

போட்டிக்கு முந்தைய வாரம் புதிதாக எதையும் தொடாதே. பிடியை மாற்றாதே, சைட்டை மாற்றாதே. சுடுவதற்கு முன் ஸ்டேஜை நடந்து பார்க்கும் வாக்-த்ரூவில் கண்ணை மூடி நின்று, எந்த இடத்திலிருந்து எந்த அட்டை, எங்கே மேகசின் மாற்றம் என்று தடங்கலில்லாமல் ஓட்டிப் பார்க்க முடியும்வரை உன் முறைக்குத் தயாராகவில்லை என்று வைத்துக்கொள்.

உடம்பையும் பார்த்துக்கொள். இறுக்கிப் பிடித்துப் பிடித்து முழங்கை வலி வந்துவிட்டால் மாதக்கணக்கில் போகாது. வலிக்க ஆரம்பித்த அன்றே நிறுத்திவிடு. கூரை போட்ட ரேஞ்சில் காதுக்குள் ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு காப்பும் போடு. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் எதையும் வாயில் வைக்காதே, ஈயத் தூள் கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சட்டையைத் தனியாகத் துவை.

திட்டத்தைத் திருத்தி எழுதியதும் எனக்கு அனுப்பு. அடுத்த நான்கு வாரத்துக்கு நான்கு கேள்வி இருந்தால் போதும். முதல் கேள்வி அந்தப் பாதி மறைந்த தூரத்து அட்டைகளைப் பற்றியதாக இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா