பெயிண்ட் அடித்த பிறகு மங்கிய விளக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அறுவடை முடியட்டும் என்று வைத்திருந்தேன். அது முடிந்ததும் டிராக்டர் என்னைப் பிடித்துக்கொண்டது.

அப்பாவின் மாஸி 1035 நினைவிருக்கிறதா? கரும்பு ஏற்றி ஆலைக்குப் போகும்போது மட்கார்டில் ஆளுக்கொரு பக்கம் தொற்றிக்கொள்வோமே, அதுதான். மார்கழியில் அதைப் பிரித்துச் சுரண்டி, பிரைமர் போட்டு, சிவப்பு அடித்தேன். மாட்டுப் பொங்கலன்று தெருவே வந்து பார்த்தது. இரவு விளக்கைப் போட்டேன். அரிக்கேன் விளக்கே தேவலாம் போலிருந்தது. இன்னொரு கூத்து: பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் லேசாக எரிந்தது!

எலக்ட்ரீஷியன் பேட்டரியை மாற்றச் சொன்னார். மாற்றினேன். பல்பையும் மாற்றினேன். பணம் போனது, இருட்டு போகவில்லை. பிறகுதான் வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்தேன். விளக்கு எரியும்போதே ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை விளக்குக் கூட்டிலும் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டியது 2 வோல்ட் காட்டியது. 12 வோல்ட்டில் 2 போனால் என்ன என்று தோன்றும். ஆனால் இழை பல்பில் வெளிச்சம் அந்தக் கணக்கில் குறைவதில்லை, ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.

குற்றவாளி நான்தான். விளக்குக்குப் போவது ஒரே ஒயர். மின்சாரம் திரும்பி வருவது வண்டியின் இரும்பு வழியாக: விளக்குக் கூடு, மட்கார்டு, ஆக்ஸில் கூடு, கடைசியில் வண்டி இரும்பை பேட்டரியோடு இணைக்கும் பட்டை. ஒவ்வொரு இணைப்பிலும் நான் அழகாக ஒரு பெயிண்ட் சுவர் எழுப்பியிருந்தேன். திரும்ப வழியில்லாத பிரேக் விளக்கின் மின்சாரம், பக்கத்து இண்டிகேட்டர் இழைக்குள் புகுந்து, அதன் ஒயரிலேயே முன்னோக்கி ஓடி, முன் இண்டிகேட்டர் வழியாக எர்த்தை, அதாவது வண்டி இரும்பை, தேடிக்கொண்டது. வாசலை அடைத்தால் கொல்லைப்புறம் போவதுபோல.

ஒவ்வொரு விளக்கின் அடியிலும் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் தேய்த்தேன். பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, துரு பிடிக்காமல் மேலே வாஸ்லின் தடவினேன். அதோடு விடவில்லை. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் 2.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு ஒயரை பேட்டரி நெகட்டிவ் வரை தனியாக இழுத்துவிட்டேன். இப்போது மீட்டர் 0.1 காட்டுகிறது.

நீ வாங்கப்போகும் சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. கோவென்ட்ரியில் செய்த அந்த டிஇ20 வண்டிகளில் பாடியோடு சேர்வது பேட்டரியின் பாசிட்டிவ். நம் கை பழகியதற்கு நேர்மாறு. பழைய பல்புக்கு இரண்டும் ஒன்றுதான். எல்இடி விளக்கின் கறுப்பு (நெகட்டிவ்) ஒயரைப் பழக்கதோஷத்தில் பாடியில் முடுக்கினால் எரியாது. இடையில் யாராவது பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோவைக் கழற்றி, அதற்குப் பதில் ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தால், பாடியோடு சேர்வதை நெகட்டிவாக மாற்றியிருப்பார்கள். அதனால் விற்பவர் சொல்வதைக் கேட்காதே. பாடிக்குப் போகும் பட்டை பேட்டரியின் எந்த முனையிலிருந்து வருகிறது என்று நீயே பார்.

நேற்று இரவு கொட்டகையில் நிறுத்தி விளக்கைப் போட்டேன். அப்பா திண்ணையிலிருந்து, “கண் கூசுகிறது, அணை” என்றார். பெயிண்டைச் சுரண்டிய இடங்களை இன்னும் அவரிடம் காட்டவில்லை.

அன்புடன்,
உன் மட்கார்டுக் கூட்டாளி