எல்க் வயோமிங்குடையது, காடு எல்லோருடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மேற்கு மாநிலங்களில் நடக்கும் வேட்டை டேக் தகராறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி ஒருவர் எழுதியதே மகிழ்ச்சி. ஆனால் கட்டுரை முழுக்க உள்ளூர் ஏழைக்கும் வெளியூர்ப் பணக்காரனுக்கும் நடக்கும் சண்டையாகவே இது சொல்லப்பட்டிருக்கிறது. நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன். பதினான்கு வருடம் வயோமிங் மாநிலத்தின் லாரமி ஊரில் குடியிருந்து, மாநிலவாசியாக டேக் வாங்கினேன். வேலை மாறி டெக்சாஸ் வந்து ஆறு வருடமாகிறது. இப்போது அவர்கள் கணக்கில் நான் வெளிமாநிலத்தான். அதனால் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இந்தியாவில் வேட்டை சட்டப்படி முடிந்துபோன கதை. அதனால் உங்கள் வாசகர்கள் பலருக்கு டேக் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. சுட்ட விலங்கின் உடலில் கட்ட வேண்டிய சீட்டுதான் டேக். ஒரு சீட்டுக்கு ஒரு விலங்கு. எந்த மலைப்பகுதி, எந்தத் தேதிக்குள், கொம்புள்ளதா இல்லாததா என்பதெல்லாம் அதிலேயே முடிவாகிவிடும். எத்தனை சீட்டு என்பதை மாநில வனவிலங்குத் துறை ஒவ்வோர் ஆண்டும் மந்தையின் நிலையைப் பார்த்துத் தீர்மானிக்கும். கேட்பவர்கள் அதிகம், சீட்டு குறைவு. எனவே குலுக்கல். அந்தக் குலுக்கலில் மாநிலவாசிக்கு எவ்வளவு, வெளியாருக்கு எவ்வளவு என்பதுதான் தகராறு.

லாரமியில் இருந்தபோது, மாநிலவாசிக்குக் குலுக்கல் இல்லாமலே கிடைக்கும் எல்க் பொது உரிமத்தை நான் கடையில் போய் நின்று வாங்கினேன். 57 டாலர். எல்க் என்பது நம் கடமானைவிடப் பெரிய மான். ஒன்று கிடைத்தால் வீட்டுக்கு ஒரு வருடக் கறி. மாநிலம் மாறியதும் அதே மலைக்கு, அதே துப்பாக்கியோடு போக 692 டாலர். அதுவும் குலுக்கலில் பெயர் விழுந்தால்தான். விழாத வருடங்களில் அடுத்த முறைக்கான முன்னுரிமைப் புள்ளியை 52 டாலர் கட்டி வாங்கிச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். பன்னிரண்டு மடங்கு விலை என்று கேட்டால் அநியாயமாகத் தெரியும். சட்டப்படி இதில் அநியாயம் இல்லை, கட்டுரையாளர் விட்டுவிட்ட இடம் இதுதான்.

அமெரிக்காவில் காட்டு விலங்கைப் பராமரித்து வேட்டையை ஒழுங்கு செய்வது மாநிலத்தின் பொறுப்பு. மொன்டானா மாநிலம் எல்க் வேட்டைக்கு உள்ளூராரிடம் 9 டாலரும் வெளியாரிடம், மற்ற விலங்குகளையும் சேர்த்த உரிமமாக, 225 டாலரும் வாங்கியதை எதிர்த்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-இல் தீர்ப்பு வந்தது. எல்க் வேட்டை வெளியாருக்கு ஒரு பொழுதுபோக்கு, பிழைப்பு அல்ல, ஆகவே மாநிலம் வேறுபாடு காட்டலாம் என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள், மூவர் மறுத்தார்கள். அப்புறம் 2002-இல், வெளியாருக்குப் பத்து சதவீத டேக் மட்டும் என்ற அரிசோனாவின் உச்சவரம்பு பற்றி மேல்முறையீட்டு நீதிமன்றம் கேள்வி எழுப்பியபோது மேற்கு மாநிலங்கள் பதறின. நெவாடா செனட்டர் ஹாரி ரீட் முன்னின்று, 2005-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, இந்தப் பாகுபாடு மாநிலங்களின் உரிமை என்று உறுதி செய்தது. ஆக, பங்கு போடும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி முடிந்துவிட்டது.

நியாயமாகப் பார்த்தாலும் உள்ளூராருக்குப் பெரும் பங்கு போவதில் எனக்கு வருத்தமே இல்லை. ஜனவரியில் ஐ-80 நெடுஞ்சாலையைக் காற்றும் பனியும் நாள்கணக்கில் மூடிவிடும். வேலிகளில் மான்கள் செத்துத் தொங்கும் குளிர்காலங்களையும், வைக்கோல் போரை எல்க் மந்தை தின்று தீர்ப்பதையும் சகித்துக்கொண்டு அங்கே வாழ்பவர்கள் அவர்கள். சம்பளம் குறைவு என்று தெரிந்தும், இந்த வேட்டைக்காகவே ஊரைவிட்டுப் போகாத பல பேரை எனக்குத் தெரியும். அந்த வாழ்க்கைக்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும்.

என் ஆட்சேபம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. 2022-இல் வயோமிங் சட்டமன்றம் காட்டுச் செம்மறி, மூஸ் (எல்க்கைவிடப் பெரிய மான்), மலையாடு போன்ற அரிய விலங்குகளுக்கு மாநிலவாசி 90, வெளியார் 10 என்று பங்கை மாற்றியது. அதற்கு முன்பு செம்மறிக்கு 75-25, மூஸுக்கு 80-20. சரி, அவை மிகச் சில சீட்டுகள். ஆனால் எல்க், மான், பிராங்ஹார்ன் (மான் போன்ற ஒரு புல்வெளி விலங்கு) ஆகியவற்றுக்கும் இதே 90-10 வேண்டும் என்ற குரல் ஓயவில்லை. இப்போது குலுக்கலில் வெளியாருக்கு எல்க்கில் 16 சதவீதமும், மானிலும் பிராங்ஹார்னிலும் 20 சதவீதமும் இருக்கிறது. அதைக் குறைத்தால் வனவிலங்குத் துறையின் வருமானம் விழும், ஏனென்றால் உரிமக் கட்டணத்தில் பெரும் பகுதி வெளியார் கட்டுவது. அதை எப்படி ஈடுகட்டுவது? மிச்சமிருக்கும் வெளியாரிடம் இன்னும் அதிகமாக வாங்கித்தான். ஏற்கெனவே வெளியார் பங்கில் 40 சதவீதத்தைத் தனியாக எடுத்து, ‘சிறப்பு உரிமம்’ என்று அதிக விலைக்குக் கொடுக்கிறார்கள். எல்க்குக்கு அது 2024 முதல் 1,950 டாலர். விலங்கு அதே விலங்கு, பகுதி அதே பகுதி. கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது, கூட்டம் குறைந்த ஒரு குலுக்கல் மட்டும்தான்.

கட்டுரையாளர் சொல்லும் வெளியூர்ப் பணக்காரனை உண்டாக்குவதே இந்த விலைதான். ஒஹையோவில் லாரி ஓட்டுபவர், ஐந்து வருடம் காசு சேர்த்து நண்பர்களோடு பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொண்டு வந்து கூடாரத்தில் தூங்குபவர், அவர்தான் முதலில் வெளியேறுகிறார். பணக்காரர் வெளியேறுவதில்லை. அவருக்குத் தனியார் பண்ணையே இருக்கும்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். லாரமியிலிருந்து மேற்கே போனால் ஐ-80-க்குப் பக்கத்தில் எல்க் மலை தெரியும். 1860-களில் ரயில் பாதை போட்ட கம்பெனிக்கு ஒன்று விட்டு ஒன்றாக நிலக் கட்டங்களைக் கொடுத்ததால், அந்தப் பகுதியே சதுரங்கப் பலகை மாதிரி ஆகிவிட்டது. ஒரு கட்டம் பொது நிலம், அடுத்தது தனியார். பொதுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும். அந்த மூலையைத் தாண்டினால் அத்துமீறல் என்று நில உரிமையாளர்கள் பல தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். நாங்களும் பயந்து திரும்பி வந்திருக்கிறோம். 2021-இல் மிசௌரி மாநிலத்திலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் ஓர் ஏணியைக் கொண்டுவந்து, தனியார் மண்ணில் கால் வைக்காமல் மூலையைத் தாண்டினார்கள். அவர்கள் மேல் குற்ற வழக்கு போட்டார்கள், 2022-இல் ஜூரி விடுவித்தது. நில உரிமையாளர் தனியாக உரிமையியல் வழக்கு போட்டார். அதிலும் தோற்று, மேல்முறையீட்டிலும் 2025 மார்ச்சில் தோற்றார். வயோமிங், கொலராடோ, நியூ மெக்சிகோ, யூட்டா உள்பட ஆறு மாநிலங்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தும்.

வயோமிங்காரர்கள் பலர் அந்த நால்வரின் வழக்குச் செலவுக்குப் பணம் அனுப்பினார்கள் என்பதையும் பெருமையாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஏணியைத் தூக்கி வந்து, நீதிமன்றப் படியேறி, நாலு வருடம் தூக்கம் கெட்டது வெளிமாநிலத்தார். அந்தத் தீர்ப்பால் இன்று அதிகம் பயனடைவது உள்ளூரார்.

2025 ஜூனில் நடந்ததும் இதே போன்றதுதான். மேற்கு மாநிலங்களின் பொது நிலத்தில் ஒரு பகுதியை விற்க வேண்டும் என்று யூட்டா செனட்டர் மைக் லீ பட்ஜெட் மசோதாவில் ஒரு பிரிவைச் சேர்த்தார். பல மாநிலங்களின் வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் போட்ட சத்தத்தில் அந்த மாத இறுதியில் அதைத் திரும்பப் பெற்றார். நானும் டெக்சாஸ் செனட்டர்கள் இருவரின் அலுவலகத்துக்கும் ஃபோன் செய்தேன். வயோமிங்கின் நிலத்தில் ஏறக்குறைய பாதி மத்திய அரசுடையது. நாடாளுமன்றத்தில் வயோமிங்குக்கு இருப்பது இரண்டு செனட்டர், ஓர் உறுப்பினர், ஆக மூன்றே ஓட்டு. அந்த நிலத்தைக் காப்பாற்ற வேண்டிய மற்ற ஓட்டுகளெல்லாம் வெளிமாநிலத்தில் இருக்கின்றன. பத்து வருடமாகக் குலுக்கலில் பெயர் வராத ஒருவர் எதற்காக ஃபோனை எடுப்பார்? இதைத்தான் 90-10 கேட்கும் நண்பர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இன்னொரு விதியும் உண்டு. மத்திய அரசு காப்புக் காடாக அறிவித்த வனாந்தரப் பகுதிகளில் வெளியார் பெருவிலங்கு வேட்டைக்குப் போனால், வயோமிங் சட்டப்படி உரிமம் பெற்ற வழிகாட்டியோ மாநிலவாசி ஒருவரோ கூட இருக்க வேண்டும். பாதுகாப்புக்காக என்கிறார்கள். அதே காட்டில் நான் தனியாக மலையேறலாம், மீன் பிடிக்கலாம், காட்டுக்கோழி சுடலாம். எல்க் டேக் கையில் இருந்தால் மட்டும் தொலைந்துபோய்விடுவேனா? வழிகாட்டித் தொழிலுக்கு வாடிக்கையாளர் பிடித்துக் கொடுக்கும் சட்டம் இது. எல்க் வயோமிங்குடையதாக இருக்கலாம், அந்தக் காடு என் வரிப்பணத்திலும் நிற்கிறது.

மாநிலவாசி ஒருவர் இலவசமாக வழிகாட்டி உரிமம் எடுத்து, வருடத்துக்கு இரண்டு வெளியாரை அழைத்துப் போகலாம். லாரமியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எனக்காக அதை எடுத்தார். எனக்கு வேட்டை சொல்லிக்கொடுத்தவர் அவர்தான், அப்பா மாதிரி. மூன்று வருடம் முன்பு எனக்கு டேக் விழுந்தபோது பிளாட் ரிவர் வனாந்தரத்துக்கு இருவரும் போனோம். எழுபது வயதில் எல்க் தொடையைத் தோளில் சுமந்து வந்தார். அவர் 90-10-க்குத் தீவிர ஆதரவாளர். இரவெல்லாம் கூடாரத்தில் இதைப் பற்றித்தான் வாதாடினோம். “சரி, எங்களுக்கு 90 வேண்டும் என்றால் நாங்கள் எவ்வளவு கட்ட வேண்டும்?” என்று கடைசியில் அவரே கேட்டார்.

நான் சொன்ன பதில், 57 டாலரை 114 ஆக்குங்கள் என்பது. இரண்டு மடங்கு ஆனாலும் ஒரு குடும்பத்தின் ஒரு வருடக் கறிக்கு அது பெரிய விலை இல்லை. வசதியில்லாதவர்களுக்கும் முதியோருக்கும் சலுகை வைக்கலாம். அந்தப் பணம் வந்தால் சிறப்பு உரிமம் என்ற அந்த விலை ஏற்றத்தையும் கைவிடலாம். வெளியாருக்கு இருக்கும் கொஞ்சம் சீட்டும் எல்லோருக்கும் ஒரே விலையில், ஒரே குலுக்கலில் போகும். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது ஃபோனில் பேசும்போது 80 டாலர் வரை வந்திருக்கிறார்.

வயோமிங்கிலோ மொன்டானாவிலோ கொலராடோவிலோ வசிக்கும் தமிழர்கள் உங்கள் வாசகர்களில் இருந்தால், என் கருத்துக்கு மறுப்பு இருந்தாலும் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் பக்கத்தையும் உங்கள் இதழில் படிக்க விரும்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஆஸ்டின், டெக்சாஸ்