கழுவிய உப்பு எங்கே போகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் சீர்செய்வது பற்றி உங்கள் இதழில் தொடர்ந்து கட்டுரைகள் வருகின்றன. விடாமல் படிக்கிறேன். உயிர்க்கரி, மண்புழு உரம், ஜிப்சம் என்று நிலத்தில் எதைப் போடலாம் என்பதே பெரும்பாலும் பேச்சாக இருக்கிறது. நிலத்தைவிட்டு வெளியேறுவது எங்கே போய்ச் சேர்கிறது என்று யாரும் கேட்கக் காணோம்.

நான் பட்டதைச் சொல்கிறேன். என் வயலின் தாழ்ந்த மூலையில் மண் வெள்ளையாகப் பூத்தது. உப்புதானே, தண்ணீர் கட்டி அலசினால் போய்விடும் என்று இரண்டு முறை நிறையப் பாய்ச்சினேன். வெள்ளை போனது. ஆனால் அடுத்துப் பாய்ச்சிய தண்ணீர் இறங்காமல் நாள்கணக்கில் நின்றது. காய்ந்த பிறகு மண்வெட்டி பட்டால் கல்லில் பட்டதுபோலத் தெறித்தது. அப்புறம்தான் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கார அமில நிலை (pH) 9-ஐத் தாண்டியிருந்தது, அதாவது மண்ணில் காரம் மிகுந்திருந்தது.

நடந்தது இதுதான். அந்த மூலையில் உவரும் களரும் சேர்ந்தே இருந்திருக்கின்றன. உவர் என்பது தண்ணீரில் கரையும் உப்பு, அலசினால் போகும். களர் அப்படியல்ல. அதில் சோடியம் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கரையும் உப்பு இருக்கும்வரை துகள்கள் ஓரளவு சேர்ந்து நிற்கும். அதை மட்டும் அலசிவிட்டால் துகள்கள் பிரிந்து தண்ணீர் இறங்கும் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். ஒரு காய்ந்த கட்டியைக் கண்ணாடித் தம்ளரில் நல்ல தண்ணீரில் போட்டு ஆட்டாமல் வைத்துப் பாருங்கள். நல்ல மண் உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருக்கும். என் மண்ணைச் சுற்றிப் பால் கலந்ததுபோலக் கலங்கியது, மறுநாளும் தெளியவில்லை.

சரி, ஜிப்சம் போடத் தீர்மானித்தேன். அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், விடுபட்ட சோடியம் தண்ணீரோடு வெளியேற வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் கோடையில் அடியிலிருந்து ஏறும் ஈரத்தோடு அதுவும் மேலே வந்துவிடும். வடிகால் வெட்ட இறங்கினேன். கீழ்க்காட்டுக்காரர் வந்து நின்றார். "உங்க காட்டு உப்பு எனக்கு எதுக்குங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கடைசியில் என் நிலத்திலேயே ஒரு துண்டை ஒதுக்கி, குட்டை வெட்டி, அடியில் நீர் கசியாத பிளாஸ்டிக் தாள் விரித்து, வடிநீரை அதில் விட்டு ஆவியாக விடுகிறேன். அந்தத் துண்டில் விளைச்சல் இல்லைதான். ஆனால் அவர் கிணறு கெடவில்லை.

இந்தக் கேள்வி உப்போடு நிற்பதில்லை. பூச்சிமருந்தின் மிச்சத்தில் பலவற்றை மண்ணின் நுண்ணுயிர்கள் காலப்போக்கில் சிதைத்துவிடும். ஆர்செனிக், காட்மியம் போன்ற நச்சுத் தனிமங்களை எந்த நுண்ணுயிராலும் அழிக்க முடியாது, இடம்தான் மாற்ற முடியும். ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் ஒரு பெரணி 2001-ல் உலகுக்குத் தெரியவந்தது. அருமையான செடி. ஆனால் அறுத்த இலையை உரக்குழியில் போட்டால் அத்தனையும் திரும்ப வயலுக்கே வந்துவிடும். செடியின் பெருமையை எழுதுகிறவர்கள் அறுத்த இலையை என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டாமா?

தழைச்சத்தும் (நைட்ரஜன்) அப்படித்தான். பயிர் எடுக்காமல் விட்டது நைட்ரேட்டாகக் குடிநீருக்குள் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் அனுமதிக்கிறது. வடிகால் முடியும் இடத்தில் மரச்சீவல் நிரப்பிய பள்ளம் ஒன்று இருந்தால், அதில் வளரும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டின் ஒரு பகுதியை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். இதைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்று வெளியிட்டால் பலருக்கும் உதவும்.

இன்னொரு வேண்டுகோள். இனி நிலச் சீரமைப்புக் கட்டுரையோடு படம் போடும்போது வயலின் படம் மட்டும் போதாது. வடிகால் போய் முடியும் இடத்தையும் தயவுசெய்து காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், ஒரு விவசாயி