வியட்நாம் இ-விசா: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு வியட்நாம் போகிறீர்கள் என்பது இன்னும் சந்தோஷம். சைகோனில், அதாவது ஹோ சி மின் நகரத்தில், 'பென் தான்' சந்தைக்குப் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் இருக்கிறது, அந்தக் காலத்தில் நம்மவர்கள் கட்டியது. அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போ.

விசாவை ஏஜென்ட் மூலம் எடுக்கலாமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். ஏஜென்ட் யாரும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் வியட்நாம் அரசே இணையத்தில் இ-விசா கொடுக்கிறது, 90 நாள் வரை. ஒருமுறை மட்டும் நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். ஏஜென்ட்டும் உட்கார்ந்து நிரப்பப் போவது இதே படிவத்தைத்தான். உன் மனைவி பெயரை உன்னைவிடக் கவனமாக அவர் தட்டச்சு செய்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. அரசுத் தளத்தின் முகவரி 'இவிசா டாட் கவ் டாட் விஎன்'. கூகுளில் தேடினால் அதே பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கும் தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும். முகவரியின் கடைசியில் 'கவ் டாட் விஎன்' இல்லையென்றால் மூடிவிடு. 'போய் இறங்கியதும் விசா' என்று ஏஜென்ட் சொன்னாராமே, அது வேறு வழி. அதற்கு முன்கூட்டியே ஓர் அனுமதிக் கடிதம் காசு கொடுத்து வாங்க வேண்டும், விமான நிலையத்தில் வரிசையில் நின்று முத்திரைக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். அம்மாவை வைத்துக்கொண்டு அது தேவையே இல்லை.

உன் மைத்துனர் விசா இல்லாமல் போய் வந்ததாக எழுதியிருந்தாய். அவர் போனது ஃபூ கோக் தீவாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து நேராக அந்தத் தீவுக்கு வந்து அங்கேயே தங்குகிறவர்களுக்கு 30 நாள் விலக்கு உண்டு. அங்கிருந்து சைகோனுக்கோ ஹனோய்க்கோ போக வேண்டும் என்றால் விசா இருந்தே ஆக வேண்டும்.

படிவத்தில் அதிகம் சறுக்குகிற இடம் பெயர். நம் ஊர் பாஸ்போர்ட்டுகளில் பாதிக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவே இருக்கும். உன் மனைவியுடையதும் அப்படித்தான் என்று ஞாபகம். உடனே அப்பா பெயரையோ உன் பெயரையோ அங்கே போட்டு நிரப்பத் தோன்றும். போடாதே. அந்தப் பெயர்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பவை, விசா அதிகாரி பார்க்கப் போவது போட்டோ இருக்கும் பக்கத்தை. அந்தப் பக்கத்தில் பெயராக என்ன அச்சாகியிருக்கிறதோ அது மட்டும், அதே எழுத்துகளில். இனிஷியலும் சேர்க்காதே. விசாவில் முழுப் பெயர் ஒரே வரியாக அச்சாகி வரும், அந்த வரியும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போக வேண்டும். விமான டிக்கெட்டில் சில நேரம் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். அது விமான நிறுவனத்து மென்பொருளின் பிரச்சினை, அதைப் பார்த்து விசாவிலும் இரண்டு தடவை எழுதிவிடாதே. பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கம் வர வேண்டும். கடைசிப் பக்கத்தில் இருக்கும் கோப்பு எண் வேறு, அதை எடுத்து எழுதிவிடுகிறவர்களும் உண்டு.

அடுத்தது தேதி. விசா உனக்கு இத்தனை நாள் என்று கொடுப்பதில்லை. இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று அச்சடித்துக் கொடுக்கிறது. நீ ஐந்து நாள் தாமதமாகப் போய் இறங்கினால் அந்த ஐந்து நாள் போனதுதான், முடிவுத் தேதி நகராது. தொடக்கத் தேதிக்கு ஒரு நாள் முன்னால் போய் நின்றால் உள்ளே விட மாட்டார்கள். கட்டணம் 90 நாள் வரை ஒன்றுதான் என்பதால் நெருக்கிப் பிடித்துக் கேட்பதில் எந்த லாபமும் இல்லை. நீங்கள் டிசம்பர் 24 அன்று இறங்குகிறீர்கள் என்றால் டிசம்பர் 20 முதல் ஜனவரி 20 வரை என்று கேள். எத்தனை நாள் தங்குவாய் என்று தனிக் கட்டம் இருக்கிறது, அதில் உண்மையான கணக்கைப் போடு. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நள்ளிரவு விமானங்கள். 31-ஆம் தேதி இரவுதானே கிளம்புகிறோம் என்று விசாவையும் 31-உடன் முடித்துக்கொள்வார்கள். டிக்கெட்டை உற்றுப் பார்த்தால் புறப்பாடு 00:40, தேதி ஜனவரி 1. குடியேற்றக் கவுன்ட்டரை 12 மணிக்கு முன் தாண்டினால் பிழைத்தார்கள், வரிசை நீண்டால் அபராதம்.

நுழையும் இடம் என்று ஒரு பட்டியல் வரும். நீ கடைசியாகப் போய்ச் சேரும் ஊரை அதில் தேர்ந்தெடுக்காதே, பாஸ்போர்ட்டில் முத்திரை விழும் விமான நிலையத்தைத் தேர்ந்தெடு. டா நாங்குக்குத்தான் டிக்கெட் என்றாலும் சைகோனில் விமானம் மாறி உள்நாட்டு விமானத்தில் போவதாக இருந்தால் முத்திரை சைகோனின் தான் சோன் ஞாட் விமான நிலையத்தில்தான் விழும். நடுவே கம்போடியா போய் அங்கோர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆசை இருந்தால் முதலிலேயே 50 டாலர் விசா எடு. 25 டாலர் விசாவில் எல்லையைத் தாண்டிய நிமிஷமே அது முடிந்துபோகும்.

தங்கும் முகவரியில் புதிதாக ஒரு குழப்பம் வந்திருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் வியட்நாம் தன் 63 மாகாணங்களை 34 ஆகக் குறைத்துவிட்டது, மாவட்டம் என்ற அடுக்கையே எடுத்துவிட்டது. ஹோட்டல் பதிவுகளில் இன்னும் பழைய முகவரிகள் கிடக்கின்றன. ஹோய் ஆன் ஹோட்டல் 'குவாங் நாம் மாகாணம்' என்று காட்டும், படிவத்தின் பட்டியலில் தேடினால் அது இருக்காது. ஹோய் ஆன் இப்போது டா நாங்குக்குள் இருக்கிறது. முய் நே என்றால் லாம் டோங் மாகாணத்தில் பார். வூங் தாவ், ஹோ சி மின் நகரத்தோடு சேர்ந்துவிட்டது. முதல் இரவு தங்கும் ஹோட்டலின் முகவரி போதும், எல்லா ஊரையும் எழுத வேண்டியதில்லை.

பையனுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். '14 வயதுக்குக் கீழான குழந்தைகள்' என்று படிவத்தில் ஒரு பகுதி வரும். பெற்றோர் பாஸ்போர்ட்டிலேயே பெயர் சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்கானது அது. நம் பிள்ளைகளுக்குத் தனிப் பாஸ்போர்ட் என்பதால் அதைத் தொடாதே. அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) என்று இருக்கிறதே என்று கவலைப்பட்டிருந்தாய். அந்தக் கட்டுப்பாடு வேலைக்குப் போகிறவர்களுக்கு, வியட்நாம் அந்த நாடுகளின் பட்டியலிலேயே இல்லை. எல்லோருடைய பாஸ்போர்ட்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் காலம் மீதி இருக்கிறதா என்று மட்டும் இன்றே பார். யாருக்காவது புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் விசா. பழைய எண்ணில் வாங்கிய விசா புதிய பாஸ்போர்ட்டுக்குச் செல்லாது.

போட்டோ 4-க்கு 6 சென்டிமீட்டர் விகிதத்தில், வெள்ளைப் பின்னணியில், கண்ணாடி இல்லாமல். அம்மா இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார், டாக்டர் கழற்றலாம் என்று சொன்ன பிறகு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போ. பாஸ்போர்ட் பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடு. மேலே பிளாஸ்டிக் படலம் பளபளத்தால் எழுத்து மறைந்துபோகும். அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரியும் ஓரம் வெட்டுப்படாமல் முழுதாக வர வேண்டும். ஜெராக்ஸ் பிரதியைப் படம் எடுத்து ஏற்றாதே.

பணம் கட்டுவதற்கு விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டை. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டாயா என்று முதலில் பார், புதிய அட்டைகளில் அது அணைத்தே வரும். நடுவில் பக்கம் உறைந்து நின்றால் பதறி இரண்டாவது முறை கட்டாதே. விண்ணப்பப் பதிவு எண், மின்னஞ்சல், பிறந்த தேதி மூன்றையும் கொடுத்து நிலையைப் பார்த்துவிட்டு முடிவு செய். அந்தப் பதிவு எண்ணைக் கையோடு ஒரு தாளில் எழுதி வை. விசா தயாரானதும் மின்னஞ்சல் வரும் என்று காத்திருக்காமல் அந்த எண்ணைப் போட்டு நாமே போய்ப் பார்ப்பதுதான் நல்லது. படம் சரியில்லை என்று திருத்தக் கேட்டிருந்தாலும் அங்கேதான் தெரியும்.

மூன்று வேலை நாள் என்று சொல்கிறார்கள். சனி, ஞாயிறு கணக்கில் இல்லை, கூட்டம் அதிகமானால் இழுக்கும். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் போட்டுவிடு. வந்ததும் முதல் வேலையாகப் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் பாஸ்போர்ட்டோடும், விசாவின் தொடக்க, முடிவுத் தேதிகளை டிக்கெட்டோடும் விரல் வைத்து ஒப்பிடு. தப்பு இருந்தால் அச்சான விசாவைத் திருத்த முடியாது, புதிதாகப் போட்டுப் புதிதாகப் பணம் கட்ட வேண்டும். அதற்கு நாள் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மூன்று வாரம். ஆளுக்கு இரண்டு தாள் பிரின்ட் எடு, திருச்சி செக்-இன் கவுன்ட்டரில் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்துக் கேட்பார்கள்.

கோலாலம்பூர் வழியாகப் போவதாக எழுதியிருந்தாய். இரண்டு விமானமும் ஒரே புக்கிங் என்றால் பெட்டி நேராகப் போய்விடும், நீங்களும் வெளியே வர வேண்டியதில்லை. தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி போட மலேசியாவுக்குள் நுழைந்தாக வேண்டும். 2023 டிசம்பர் முதல் நமக்கு அங்கே 30 நாள் விசா விலக்கு உண்டு, ஆனால் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆளுக்கு ஒன்றாக நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, கேட்கிற தளம் போலி. டெர்மினல் 1-க்கும் 2-க்கும் இடையே ரயில் ஏற வேண்டியிருக்கும் என்பதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்.

நால்வருக்கும் படிவத்தை நிரப்பியதும், பணம் கட்டுவதற்கு முன் வரும் சரிபார்க்கும் பக்கத்தையும் பாஸ்போர்ட் பக்கத்தையும் எனக்கு அனுப்பு. அன்றே பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
குமார்