பரிசு சரி, அறுத்த வலைக்கு ஈடு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாக் விரிகுடாவில் தஞ்சை, புதுக்கோட்டை கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. சந்தோஷம்தான். ஆனால் கடலுக்குள் கோடு போட்டுவிட்டால் ஆவுளியா (கடற்பசுவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பிழைத்துவிடுமா?

என் சித்தப்பா நாட்டுப்படகுக்காரர். ஒருநாள் விடியக்காலையில் வலை கனக்கவும் பெரிய திருக்கை என்று நினைத்து இழுத்திருக்கிறார். மயிர் முளைத்த தடித்த மூஞ்சி ஒன்று மேலே வந்து 'புஸ்' என்று மூச்சு விட்டிருக்கிறது, பக்கத்திலேயே குட்டி. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியே ஆகவேண்டிய பிராணி, வலைக்குள் கிடந்தால் மூழ்கிச் செத்துவிடும். யோசிக்காமல் வலையை அறுத்து விட்டார். (அவருடைய அப்பா காலத்தில் கறிக்காகப் பிடித்ததும் உண்டு, அதை மறைப்பானேன்.)

இப்படி விடுகிறவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டிப் பரிசு தருகிறார்கள், நல்லது. ஆனால் பரிசு வேறு, வலைக்கு ஈடு வேறு. மகாராஷ்டிரத்தில் இதற்கென்றே 25,000 ரூபாய் வரை ஈடு தரும் திட்டம் இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒன்று, அதுவும் மனுவைத் தூக்கிக்கொண்டு அலையவிடாமல், ஒரு வாரத்துக்குள் கைக்கு வரும்படி வேண்டும்.

அடுத்தது இழுவைமடி, அதாவது விசைப்படகுகள் கடலடியோடு சேர்த்து இழுத்துப் போகும் வலை. ஆவுளியா ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ கடல்புல் தின்னும். கரையோரத்தில் மடி இழுத்தால் அந்தப் புல் வேரோடு வந்துவிடும், கொட்டிப் பார்த்தால் மீனுக்குச் சமமாகப் புல் கிடக்கும். அதே புல்லுக்குள்தான் இறாலும் நண்டும் குஞ்சு மீனும் வளர்கின்றன, ஆக நஷ்டம் எங்களுக்கும்தான். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக்கூடாது என்று தமிழ்நாட்டின் 1983 கடல் மீன்பிடிச் சட்டத்திலேயே இருக்கிறது. ராத்திரியில் வந்து பாருங்கள், எத்தனை விளக்கு எரிகிறது என்று தெரியும்.

விசைப்படகுக்காரர்களைத் திட்டி மட்டும் பயனில்லை, அவர்களுக்கும் கடன் இருக்கிறது. அவர்களைக் கரையோரத்திலிருந்து ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்ற 2017-இல் கொண்டுவந்த திட்டத்தில் 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு 70 சதவீதம் மானியம் என்றார்கள். மீதியைப் புரட்ட முடியாமலே பலர் ஒதுங்கிவிட்டார்கள். வங்கிக் கடனை எளிதாக்கினால் கரையோரத்து மடி தானாகக் குறையும்.

சித்தப்பா அறுத்த வலையைப் பின்னிச் சரிசெய்ய எட்டு நாள் ஆனது. எட்டு நாளும் தொழில் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சேதுபாவாசத்திரம்