இத்தாலியப் படங்களில் வேலை பார்க்கும் மனிதர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான, காண வேண்டிய இத்தாலியப் படங்கள் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 'சினிமா பாரடைசோ', 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' ஆகிய இரண்டையும் மனமாரப் பாராட்டியிருந்த கட்டுரையாளர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த படங்களை வறுமையின் சோகக் காவியங்கள் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். அந்த வரியைப் படித்துவிட்டு, அழுது வடியும் படங்கள் நமக்கெதற்கு என்று இளைய வாசகர்கள் ஒதுங்கிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். முப்பத்தோராண்டுகள் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எனக்கு அந்தப் படங்கள் முதலும் முடிவுமாக வேலையைப் பற்றிய படங்களாகவே தோன்றுகின்றன. வேலைக்கு அலைவதையும், கிடைத்ததைக் கைநழுவ விடாமல் காப்பதையும், அன்றாடம் அந்த வேலையைக் கைகள் எப்படிச் செய்கின்றன என்பதையும் அவ்வளவு பொறுமையாகப் பார்த்த வேறொரு நாட்டுத் திரைப்படங்களை நான் கண்டதில்லை.

விட்டோரியோ டி சிகா 1948இல் இயக்கிய 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தின் கதை பலருக்கும் தெரிந்ததே. ரோம் நகரில் நெடுநாள் வேலையில்லாமல் இருந்த அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது; ஆனால் சொந்தச் சைக்கிள் வேண்டும் என்கிறார்கள். சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா, கட்டிலில் விரித்திருந்த விரிப்புகளை உருவி மூட்டை கட்டி அடகு வைக்கப் போகிறாள். அந்த மூட்டையை வாங்கிக்கொண்ட பணியாள், கூரையை முட்டும் அலமாரியில் படிப்படியாக ஏறி, அங்கே ஏற்கெனவே அடுக்கிக் கிடக்கும் எண்ணற்ற மூட்டைகளுக்கு நடுவே அதையும் செருகுகிறான். ஊரே தன் படுக்கை விரிப்புகளை அடகு வைத்திருக்கிறது என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. யாரும் அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை. வேலைக்குப் போகும் முதல் நாள் காலையில், சிறுவன் புரூனோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, அதில் புதிதாக விழுந்திருக்கும் நசுங்கல் ஒன்றைக் கண்டுபிடித்து, அடகுக் கடையில் ஏன் தட்டிக் கேட்கவில்லை என்று தகப்பனையே கடிந்துகொள்கிறான். இதில் சோகத்தைவிடச் சிரிப்பும் பெருமிதமும்தான் அதிகம். அந்தோனியோவாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜோரானி உண்மையிலேயே ஆலைத் தொழிலாளி. கேரி கிராண்டைக் கதாநாயகனாகப் போட்டால் பணம் போடுவதாக ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் சொன்னதை மறுத்துவிட்டுத்தான் டி சிகா இவரை நடிக்க வைத்தார். படம் முடிந்து ஆலைக்குத் திரும்பியவர், பின்னர் ஆட்குறைப்பில் அந்த வேலையையும் இழந்தார். 1950இல் லண்டனில் இப்படத்தைப் பார்த்த சத்யஜித் ராயைத் தாமும் படமெடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு அது கொண்டுவந்ததைத் தங்கள் நாளிதழே பலமுறை எழுதியிருக்கும், நான் நீட்டவில்லை.

அதே டி சிகாவின் 'உம்பர்த்தோ டி.' 1952இல் வந்தது. ஓய்வூதியத்தை உயர்த்தக் கோரி ஊர்வலம் வரும் முதியவர்களைக் காவலர்கள் கலைப்பதில் தொடங்கும் படம் என்பதால், ஓய்வூதியனான எனக்கு இதில் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாடகை கொடுக்க வழியில்லாத உம்பர்த்தோ, பிச்சையெடுக்கத் தெருவில் கையை நீட்டுகிறார். ஒருவர் காசு போட வரும் அந்தக் கணத்தில், மழை பெய்கிறதா என்று பார்ப்பவரைப் போல உள்ளங்கையைக் கவிழ்த்துக்கொள்கிறார். உம்பர்த்தோவாக நடித்த கார்லோ பத்திஸ்தி நடிகரல்லர், மொழியியல் பேராசிரியர். ஆயினும் இப்படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வீட்டு வேலைக்காரப் பெண்ணின் காலை நேரத்தைத்தான். தூக்கக் கலக்கத்தோடு அடுக்களைக்கு வருகிறாள். தீக்குச்சி உரசி அடுப்பைப் பற்ற வைக்கிறாள். சுவரில் ஊரும் எறும்புகள் மேல் தண்ணீரை விடுகிறாள். உட்கார்ந்து காப்பிக்கொட்டையை அரைத்துக்கொண்டே, எழுந்து போகச் சோம்பல்பட்டு, காலை நீட்டிப் பெருவிரல் நுனியால் கதவைச் சாத்துகிறாள். அவள் கருவுற்றிருக்கிறாள், வீட்டுக்காரியிடம் சொல்ல முடியாத நிலை என்பதெல்லாம் இந்த வேலைகளுக்கு நடுவில்தான் நமக்கு உறைக்கிறது. அப்போது அரசில் திரைப்படத்துறைப் பொறுப்பில் இருந்தவரும், பின்னாளில் பலமுறை பிரதமரானவருமான ஜூலியோ ஆந்த்ரேயோட்டி, இத்தகைய படம் எடுப்பது நாட்டுக்கு நல்லதல்ல என்று டி சிகாவைக் கண்டித்துப் பத்திரிகையில் பகிரங்கக் கடிதமே எழுதினார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுபவர்கள் எல்லாரும் சரியாகவே சொல்லிவிடுவதில்லை என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இத்தாலிய மொழிப் படங்கள் என்ற தொடரிலேயே ஒரு சிக்கல் இருப்பதையும் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. லூக்கினோ விஸ்கோந்தியின் 'லா தெர்ரா ட்ரெமா' (1948), சிசிலித் தீவின் ஆச்சி த்ரெத்சா என்னும் கடற்கரை ஊரில், அவ்வூர் மீனவர்களையே நடிக்க வைத்து எடுக்கப்பட்டது. அவர்கள் பேசுவது சிசிலிய மொழி. சிசிலியில் இத்தாலியம் ஏழைகளின் மொழியன்று என்று படமே தொடக்கத்தில் எழுத்தில் அறிவித்துவிடுகிறது. பிடித்த மீனுக்கு மொத்த வியாபாரிகள் சொன்னதே விலை என்பதைப் பொறுக்காத இளைஞன் ஒருவன், வீட்டை அடமானம் வைத்துச் சொந்தமாகக் கடலுக்குப் போகிறான். பிறகு நடப்பது நம் கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு விளக்காமலே விளங்கும்.

எர்மான்னோ ஓல்மியின் 'இல் போஸ்தோ' (1961) பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மேதா என்னும் சிற்றூரிலிருந்து மிலான் நகரத்துப் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை தேடி வரும் தொமேனிகோ என்ற பையனின் கதை. தேர்வறையில் ஒரு கணக்கைக் கொடுக்கிறார்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்க்கிறார்கள். கடைசியில் எழுத்தர் பணியிடம் காலியாக இல்லை என்று கடைநிலை ஊழியருக்கு உதவியாளாக உட்கார வைக்கிறார்கள். எழுத்தர் ஒருவர் இறந்துபோகிறார். அவருடைய மேசை காலியாகிறது. அந்த இடத்தில் புதுப் பையனை உட்கார வைத்ததும், எத்தனையோ ஆண்டுகளாகப் பின்வரிசையில் இருளில் கிடந்த ஒருவர் முறையிடுகிறார். உடனே அவரவர் தம் பொருள்களை வாரிக்கொண்டு ஒரு மேசை முன்னே நகர, தொமேனிகோவுக்குக் கடைசி மேசை வாய்க்கிறது. இறந்தவருக்காக வருந்த அங்கே யாருக்கும் நேரமில்லை. என் அலுவலகத்திலும் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த மேசைக்கு இப்படி ஒரு நகர்வு நடந்ததுண்டு. அதில் நானும் ஒரு மேசை முன்னேறியவன்தான். படம் முடியும்போது பின்னணியில், தாள்களைப் படியெடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, அந்தப் பையனின் முகத்தை மட்டும் ஓல்மி காட்டுகிறார். பல ஆண்டுகள் நான் கேட்ட ஓசை அது. ஓல்மி தாமும் மிலானில் ஒரு மின் நிறுவனத்தில் ஊழியராக இருந்து, அந்நிறுவனத்துக்கு ஆவணப்படங்கள் எடுத்தே தொழில் பழகியவர் என்பது பின்னர் தெரிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

ஓல்மியின் மற்றொரு படமான 'லால்பெரோ தெலி சோக்கோலி', 1978ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்றது. பெர்காமோ வட்டார விவசாயிகளே, தங்கள் வட்டார மொழியில் பேசி நடித்த படம். பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் மகனின் மரச்செருப்பு உடைந்துவிட, தகப்பன் இரவோடு இரவாகப் பண்ணையாரின் மரம் ஒன்றை வெட்டிச் செருப்பு செதுக்குகிறான். இந்தப் பெருங்கதைக்குப் பக்கத்திலேயே, கோழி எருவைப் போட்டு மற்றவர்களுக்கு முன்பே தக்காளியைப் பழுக்க வைத்துச் சந்தைக்குக் கொண்டுபோகத் தம் பேத்தியோடு இரகசியத் திட்டம் போடும் ஒரு கிழவரும் இருக்கிறார். அவரைப் பார்த்தவர் எவரும் இவற்றைச் சோகக் காவியங்கள் என்று ஒரே மூச்சில் சொல்ல மாட்டார்கள்.

புகழ்பெற்ற இயக்குநர்களான ஃபெலினியையும் அந்தோனியோனியையும் விட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். அவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். பார்க்கத் தொடங்கும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு மட்டும் சொல்லலாம். படப்பிடிப்பு முடிந்த பின் குரலைத் தனியே சேர்ப்பது இத்தாலியில் நெடுங்கால வழக்கம். ஃபெலினியின் 'லா ஸ்த்ராதா'வில் அமெரிக்க நடிகர் ஆந்தனி க்வினுக்கும், கட்டுரையாளர் பாராட்டிய 'சினிமா பாரடைசோ'வில் பிரெஞ்சு நடிகர் பிலிப் நுவாரேவுக்கும் இத்தாலியக் குரல் வேறொருவருடையது. உதடும் சொல்லும் ஒட்டாமல் போனால் தொலைக்காட்சிப் பெட்டியைத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்த முறை இத்தகைய பட்டியல் வெளியிடும்போது 'இல் போஸ்தோ'வை முதலில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். ஓல்மியின் மரச்செருப்புப் படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அதற்கு ஒரு விடுமுறை நாளை ஒதுக்கிக்கொள்ளும்படி வாசகர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்,
தஞ்சாவூர்.