மாலைதீவு ரோல்ஸ் எடுக்கப் போனது

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் எங்கள் தம்பி, தங்கச்சிமார் ஆளுக்கொரு நாடாக இருந்து நடத்திய மாதிரி ஐ.நா. கடற்சட்ட மாநாட்டுக்கு வந்தவர்களுக்கும், வராமலே உதவியவர்களுக்கும் வணக்கம். தவிசாளர் நாற்காலியில் இருந்தவன் நான் என்பதால் பாராட்டெல்லாம் எனக்கே வருகிறது. அது கொஞ்சம் அநியாயம். அதனால்தான் இந்த மடல்.

முதலில் ரீச்சருக்கு. தரம் 8, 9 பிள்ளைகள் 18 பேரை அவர் என்னிடம் ஒப்படைத்தபோது, நன்றாகச் செய்து காட்ட வேண்டும் என்ற வெறியில் 18 நாடுகளின் உரையையும் நானே இரவிரவாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒத்திகையில் இந்தியா, நோர்வே, ஜப்பான் எல்லாம் ஒரே மாதிரிக் கதைத்தன. பின்வரிசையில் இருந்த ரீச்சர், "தம்பி, இதில நீ மட்டும்தானே கதைக்கிறாய்?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளே என் தாள்களைத் திரும்ப வாங்கிவிட்டேன்.

நேபாளமாக இருந்த தங்கச்சிக்குத் தனி நன்றி. முதல் நாள் அழாக்குறையாக வந்து, "அண்ணா, எங்களுக்குக் கடலே இல்லை, நான் என்னத்தைக் கதைக்கிறது?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாது. தேடிப் பார் என்று சமாளித்து அனுப்பினேன். இரண்டு நாளில் திரும்பி வந்து, கடலில்லாத நாடுகளுக்கும் கடலுக்குப் போய்வரும் உரிமையை 1982 ஐ.நா. கடற்சட்டச் சமவாயத்தின் 125ஆம் உறுப்புரை தருகிறது என்று எனக்கே வகுப்பெடுத்தாள். மாநாட்டன்று கரையோர நாடுகள் மீனுக்கும் மற்றக் கடல்வளத்துக்கும் தங்களுக்கு உரிமையுள்ள 200 கடல்மைல் வலயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அவள் எழும்பி, "ரோட்டை மறிச்சுப்போட்டு எங்களைச் சந்தைக்கு வரச் சொல்லாதேங்கோ" என்றாள். மண்டபமே சிரித்தது. நான் எழுதிக் கொடுத்த உரையில் இப்படி ஒரு வரி வந்திருக்காது.

கீழ்வீட்டு மன்னார் மாமா பாயில் சீப்பை அழுத்தி இழுத்து, படகு இழுத்துப்போகும் இழுவைமடி வலை கடலடியில் என்ன செய்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடைசெய்தது தாளில் இருந்தது. குஞ்சும் முட்டையும் அள்ளுப்படுவது அந்தச் சீப்பில்தான் விளங்கியது. பிறகு இந்தியாவாக இருந்த பெடியனைக் கூப்பிட்டு, "அங்கால இருந்து வாறவனும் கடன்பட்டுத்தான் வாறான், அதையும் சொல்லு" என்றார். இந்திய இழுவைப் படகுகளைப் பற்றி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடந்த வாக்குவாதம் வெறும் கூச்சலாகாமல் போனது அவரால்தான்.

1973இல் தொடங்கிய, ஐ.நா.வின் உண்மையான மூன்றாவது கடற்சட்ட மாநாட்டின் முதல் தலைவர் நம் நாட்டு ஷேர்லி அமரசிங்க என்று நூலக ஐயா சொல்லித்தான் தெரிந்தது. அப்புறம் அந்த நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தேன்.

ஆனாலும் வாக்கெடுப்பில் சறுக்கினேன். ஆதரவு 10, எதிர்ப்பு 5, நடுநிலை 2. எப்படிக் கூட்டினாலும் 17. மூன்றாம் முறை எண்ணும்போதுதான் மாலைதீவு ரோல்ஸ் எடுக்கப் போயிருப்பது தெரிந்தது. இதில் அம்மாவுக்கும் பங்குண்டு. வாக்கெடுப்பு நேரம் பார்த்துத்தான் சூடாகக் கொண்டுவந்து வைத்தார். நன்றி, அம்மா.

கொமினிக்கேஷன் கடை அண்ணா, கடைசி நிமிடத்தில் பெயர்ப்பலகைகளைக் கடனுக்கு அடித்துத் தந்தீர்கள். மிச்சக் காசு திங்கட்கிழமை வரும்.

அன்புடன்,
உங்கள் தவிசாளர்